ஒப்புக்குச் சப்பாணிகளின் தெரு

அந்தமான்னு சொன்னா நம்மாளுங்களுக்கு சட்டுன்னு ஞாபகம் வர்றது மூணு சினிமா. 1952ல் எம்.ஜி.ஆர். நடித்த 'அந்தமான் கைதி', 1978ல் சிவாஜி நடித்த 'அந்தமான் காதலி', 1996ல் வந்த 'சிறைச்சாலை'. ஆக, கைதி, காதலி, ஜெயில்! இந்த மூணுக்கும் நடுவில் கோலி ஆடிக்கொண்டு, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கூட்டம் வளர்ந்தது வெளியே யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். இப்போ மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு கொசுவத்தி சுத்தப் போகிறேன். 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்கிற புலம்பல் மட்டும் இல்லை, கொஞ்சம் சரித்திரமும் இருக்கு. பொறுமையா படிங்க.

முதலில் ஊர். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நான் மண்ணில் புரண்ட ஊருக்கு அப்போது போர்ட் பிளேர் என்றுதான் பெயர், அதனால் இங்கே அப்படியே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீடு ஹாடோவில். மெட்ராஸ் கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் அந்தப் பக்கம்தான். இன்னும் கொஞ்சம் போனால் சாத்தம் பாலம், பாலத்தைத் தாண்டினால் 1883ல் ஆரம்பித்த அரசாங்க மரமில். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி மூணு நாள் வாந்தியெடுத்து வந்து சேர்ந்த கதையை அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் இருந்த எல்லாருமே இப்படி எங்கிருந்தோ கப்பலில் வந்தவர்கள்தான். 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளோடு வெள்ளைக்காரன் இங்கே குடியேற்றத்தை ஆரம்பித்தான். தண்டனை முடிந்து இங்கேயே தங்கியவர்களின் வம்சத்துக்கு 'லோக்கல் பார்ன்' என்று பெயர். 1918 வாக்கில் காட்டு வேலைக்காக ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிகளைக் கொண்டுவந்தார்கள். 1921 கலகத்துக்குப் பிறகு மலபாரிலிருந்து மாப்பிள்ளைமார்கள் வந்தார்கள். தேசப் பிரிவினைக்குப் பிறகு 1949லிருந்து கிழக்கு வங்காள அகதிகள். அப்புறம் துறைமுகம், காடு, ரோடு வேலை என்று தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களும் உண்டு. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த நம்மாட்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். 1951 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் முழுவதுக்குமாக 30,971 பேர். 1981ல் 1,88,741. முப்பது வருஷத்தில் ஆறு மடங்கு!

இந்தக் கணக்கு ஒரு சந்துக்குள்ளே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. சாயங்காலம் பன்னிரண்டு பசங்க கூடினால் ஆறு பாஷை.

நாங்கள் கிட்டிப்புள் என்றதை அடுத்த வீட்டு வங்காளிப் பையன் டாங்குலி என்பான். லோக்கல் பார்ன் பசங்களுக்கு அது கில்லி டண்டா, மலையாளிக்குக் குட்டியும் கோலும், தெலுங்குக்காரனுக்குக் கோடிபில்லா. சடுகுடு வங்காளத்தில் ஹாடுடு, தெலுங்கில் செடுகுடு. பெண்பிள்ளைகளின் பாண்டியாட்டம் வங்காளத்தில் எக்கா தொக்கா, தெலுங்கில் தொக்குடு பில்லா, மலையாளத்தில் வட்டுகளி. பேர்தான் வேற வேற, ஆட்டம் ஒண்ணுதானே என்று நினைப்பீங்க. அதுதான் இல்லை. கிட்டியைப் பிடித்துவிட்டால் ஆள் மட்டும் அவுட்டா, டீமே அவுட்டா? தாண்டால் அளக்கும்போது எந்த இடத்திலிருந்து அளப்பது? ஒவ்வொருத்தனும் அவன் மாமா ஊரில் பார்த்ததைச் சட்டம் என்று சொல்லுவான். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னே கால் மணி நேரம் பஞ்சாயத்து. இன்னிக்கு தமிழ்ச் சட்டம், நாளைக்கு வங்காளச் சட்டம் என்று முறை வைத்து ஆடியதும் உண்டு. பெரியவர்கள் யாரும் வந்து தீர்த்து வைத்ததில்லை. அவர்களுக்குள்ளேயே பாதிப் பேருக்கு ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குப் புரியாது.

பஞ்சாயத்து நடந்தது இந்தியில். அதுவும் டெல்லி இந்தி இல்லை, கைதிகள் காலத்திலிருந்தே பல ஊர்க்காரர்கள் பேசிப் பேசித் தேய்ந்த அந்தமான் இந்தி. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாடியே அது எனக்கு வந்துவிட்டது. தெருவில் இறங்கினால் தானா ஒட்டிக்கொள்ளும்.

சரி, அது வராத பிள்ளை என்ன பண்ணும்? மாசத்துக்கு இரண்டு மூணு கப்பல். கப்பல் வந்தால் ஹாடோவில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் புதுக் குடும்பம் வரும். புதுப் பையன் வாசலில் நின்று விரல் சூப்பிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். ஒரு வார்த்தை தெரியாது. அவனைச் சேர்த்துக்கொள்ளத் தெருவில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. அதுதான் ஒப்புக்குச் சப்பாணி!

நம் ஊரில் சின்னத் தம்பி தங்கச்சியை அம்மா தலையில் கட்டிவிடும்போது செய்வோமே, அதேதான். ஆட்டத்தில் உண்டு, கணக்கில் கிடையாது. ஓடலாம், அவுட் ஆக மாட்டான். வங்காளிகள் அதை 'தூத் பாத்' என்பார்கள், அதாவது பாலும் சோறும். சின்னப் பிள்ளைக்கு வேறென்ன கொடுப்பது! இந்தியில் 'கச்சா நிம்பு', பழுக்காத எலுமிச்சை. எல்லாப் பாஷையிலும் இதுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது என்பதே எனக்கு இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் தெருவில் வயசு பார்க்காமல் கப்பலிறங்கிய எல்லாப் பிள்ளைக்கும் இதே விதிதான். ரெண்டு மாசம் ஒப்புக்குச் சப்பாணி. அதற்குள் எண்ணக் கற்றுக்கொள்வான், திட்டக் கற்றுக்கொள்வான். ஒருநாள் எவனாவது 'ஏய், நீ அவுட்டு' என்று கத்துவான், இவனும் 'இல்லவே இல்லை' என்று திரும்பக் கத்துவான். அன்னிக்கு அவன் ஹாடோக்காரன் ஆகிவிட்டான் என்று அர்த்தம்.

இப்போ சாமான் விஷயத்துக்கு வருவோம். மரமில் பக்கத்திலேயே இருந்ததால் கட்டைக்குப் பஞ்சமில்லை. அப்பா கொண்டுவரும் கழிவுக் கட்டையில் படாக் மரத்துண்டு கிடைத்தால் அதுதான் கிரிக்கெட் மட்டை. 1983ல் கபில்தேவ் கோப்பை தூக்கிய பிறகு கிட்டிப்புள் போய் கிரிக்கெட் வந்தது. படாக் மட்டை இரும்பு மாதிரி கனக்கும், ரெண்டு ஓவர் ஆடினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஊர் முழுக்க மேடு பள்ளம் வேறு. பந்து சரிவில் உருண்டால் கீழே கடல்தான். அதனால் சரிவுப் பக்கம் அடித்தால் அவுட், பந்தை எடுத்து வருவதும் அடித்தவன் பொறுப்பு. இந்தச் சட்டத்தில் மட்டும் ஆறு பாஷைக்கும் ஒரே கருத்து :-)

பாண்டிக்குச் சில்லு, பல்லாங்குழிக்குச் சோழி, எல்லாம் கரையிலேயே கிடைக்கும். (இப்போ பொறுக்கக் கிளம்பாதீங்க. 2001லிருந்து பல வகைச் சங்குகளுக்கு வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.) கழற்சிக்காய் கரையோரப் புதரில் காய்க்கும். முள்ளுக்குள் கையை விட்டு எடுத்தால் சாம்பல் நிறத்தில் வழவழப்பான கொட்டை. எங்கள் தெரு அக்காக்கள் அதைத் தூக்கிப்போட்டுப் பிடித்து ஆடுவார்கள். சங்க காலத்துக் கழங்காட்டம் அதுதான் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரியும். புறநானூறு 36ஆம் பாட்டில் பெண்பிள்ளைகள் ஆற்று மணலில் பொன்னால் செய்த கழங்கு வைத்து ஆடுகிறார்கள். 2019ல் வந்த கீழடி அறிக்கையில் வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்ததாகப் போட்டிருந்தார்கள். வைகைக் கரையில் 2000 வருஷத்துக்கு முன்னால் ஆடின சில்லு, கடல் தாண்டி ஹாடோவுக்கு வந்து எக்கா தொக்காவோடு கலந்துவிட்டது பாருங்க!

கண்ணாமூச்சிக்கும் எங்களுக்கு ஒரு விசேஷ இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கார்பைன்ஸ் கோவ் கடற்கரைக்குக் கூட்டிப்போனால், அங்கே ஜப்பான்காரன் கட்டிய காங்கிரீட் பதுங்குகுழிகள் இருக்கும். ஒளிய அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? எங்கள் தெருவில் வயதான லோக்கல் பார்ன் தாத்தா ஒருத்தர் இருந்தார். பசங்க என்ன சேட்டை செய்தாலும் சிரிப்பார். பதுங்குகுழிக்குள் ஒளிந்து ஆடினோம் என்று சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும், எழுந்து உள்ளே போய்விடுவார். காரணம் பெரிய கிளாஸ் வந்த பிறகுதான் புரிந்தது. 1942 மார்ச் 23லிருந்து 1945 அக்டோபர் வரை ஊர் ஜப்பானியர் கையில் இருந்தது. ஒற்றர் என்று சந்தேகப்பட்டே அடித்துக் கொன்றார்கள். 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுப் புதைத்தார்கள். அதற்கு ஒரு மாசம் முன்னாடிதான், 1943 டிசம்பர் 30ல், நேதாஜி ஜிம்கானா மைதானத்தில் கொடி ஏற்றியிருந்தார். பாடப் புத்தகத்தில் கொடி இருந்தது. தாத்தாவின் முகத்தில் மற்றது இருந்தது.

எங்களுக்கும் முன்னால் இந்தக் கரையில் ஆடிய பிள்ளைகள் உண்டு. வெள்ளைக்கார அதிகாரி ஈ.எச். மான் 1880களில் கிரேட் அந்தமானியரைப் பற்றி எழுதியதில் விளையாட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். பன்றி வேட்டை மாதிரி ஒரு ஆட்டம், தண்ணீரில் ஆமை பிடிப்பது மாதிரி ஒரு ஆட்டம். 1859 மே மாதம் அபர்டீனில் தங்கள் மண்ணுக்காக வில் அம்போடு சண்டை போட்டவர்கள் அவர்கள். அப்போது ஆயிரக்கணக்கில் இருந்த அந்த மக்கள் நோயிலும் குடியேற்றத்திலும் அழிந்து இன்று ஐம்பது பேரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். ஆமை பிடிக்கும் அந்த ஆட்டத்தை எங்கள் தெருவில் யாரும் ஆடியதில்லை. சொல்லிக்கொடுக்க அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருவில் இல்லை. ஆறு பாஷைத் தெரு என்று பெருமை அடித்துக்கொள்ளும்போது ஏழாவதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆட்டம் முடியும் நேரத்தை முடிவு பண்ணுவது சூரியன்தான். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்கு, போர்ட் பிளேர் இருப்பதோ 92.7ல். அதனால் சூரியன் கடிகாரத்தை விட நாற்பது நிமிஷம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிசு. அதில் கால் மணி பஞ்சாயத்துக்குப் போய்விடும். இங்கே மெல்போர்னில் அதே டிசம்பரில் எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம். ஆனால் தெருவில் ஒரு பிள்ளையைக் காணோம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். நம் வீடுகளில் பிள்ளைகளை சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறோம், அ ஆ எழுதுகிறார்கள், ஆண்டு விழாவில் திருக்குறள் சொல்கிறார்கள். ஆனாலும் பத்து வயசானால் தமிழில் கேட்டதுக்கு இங்கிலீஷில் பதில் வருகிறது. ஏன் என்று எல்லா வீட்டிலும் கவலை. என் தெருவை நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. எனக்கு இந்தி ஒட்டிக்கொண்டது சண்டை போட்டதால். 'அவுட் இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய அவசரத்தில் வந்த பாஷை அது. தமிழ் ஏன் போகவில்லை? அம்மா வீட்டில் பேசினார் என்பது பாதிதான். பாண்டியும் தாயமும் எங்கள் தெருவில் தமிழ் அக்காக்கள் கையில் இருந்தது. ஆட்டம் யார் கையிலோ, பாஷையும் அவர்கள் கையில். வங்காளிப் பெண்பிள்ளைகளே ஒண்ணு ரெண்டு என்று தமிழில் எண்ணித்தான் பாண்டி தாண்டுவார்கள். 'அழுகுணி ஆட்டம்' என்ற வார்த்தையை அவர்களும் தமிழிலேயே சொல்லித்தான் எங்களோடு சண்டை போட்டார்கள். வேறு பாஷையில் சொன்னால் அதில் அவ்வளவு காரம் இல்லையாம்!

2011 கணக்குப்படி அந்தமானில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். மூணு தலைமுறை தாண்டியும் நிற்கிறது. பள்ளி, சங்கம், கோயில் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. தெருவுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

நம் பிள்ளைகளுக்குத் தமிழில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், தமிழில் சண்டை போட இடம் கொடுக்கவில்லை. அதனால் எங்கள் வட்டாரத்தில் நாலு குடும்பமாகச் சேர்ந்து ஒன்று செய்து பார்க்கிறோம். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் முக்கால் மணி நேரம் பார்க்கில் ஏழு கல். சட்டம் ஒன்றே ஒன்று: தகராறு வந்தால் தமிழில்தான் பேச வேண்டும், இங்கிலீஷில் வாதாடினால் அவுட். பெரியவர்கள் தள்ளிப் பெஞ்சில் உட்கார வேண்டும், நடுவில் போய்த் தீர்ப்பு சொல்லக் கூடாது. முதல் வாரம் ஒரே அமைதி, மூன்றாவது வாரம் சரியான கூச்சல். தமிழே தெரியாத ஒரு வியட்நாமியப் பையன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் அவனை உள்ளே இழுத்து வந்துவிட்டாள். அவன் என்ன கணக்கு என்று மற்ற பிள்ளைகள் கேட்டார்கள். 'ஒப்புக்குச் சப்பாணி' என்றாள்.

உங்கள் ஊரில் அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?