ஒரு விடுப்புக் கடிதத்துக்கு உரை

பெரம்பலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மேசை இழுப்பறையில் பிள்ளைகள் கொடுத்த விடுப்புக் கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கோடு போட்ட நோட்டில் கிழித்த அரைத் தாளில் எழுதியது அதில் ஒன்று. பெயரை மட்டும் விட்டுவிட்டு அதை இங்கே தருகிறேன்.

"அனுப்புநர்: —, நான்காம் வகுப்பு. பெறுநர்: வகுப்பு ஆசிரியர் அவர்கள். மதிப்பிற்குரிய டீச்சர், எனக்குக் காய்ச்சல் காரணமாக என்னால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகையால் இன்று ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி. பெற்றோர் கையொப்பம்: (கைநாட்டு). டீச்சர் நேத்து என்ன கணக்கு."

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் வரவைப்பது எப்படி என்று பயிற்சிகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதில் பாதி இந்த அரைத் தாளிலேயே இருக்கிறது.

"அனுப்புநர்"

இந்த இடத்தில் இருப்பது பிள்ளையின் பெயர். ஆனால் பள்ளிக்கூடம் போவதா வேண்டாமா என்று ஒன்பது வயசுப் பிள்ளை முடிவு செய்வதில்லை. விடியற்காலையில் அடுப்படியில் அம்மா முடிவு செய்கிறாள். அதற்கு மறுநாள் மன்னிப்புக் கேட்கிற வேலை மட்டும் பிள்ளைக்கு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இந்தக் கடிதமும் கிடையாது. பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் வராது. பக்கத்து வீட்டுப் பையன் "அது ஊருக்குப் போயிருக்கு டீச்சர்" என்பான். அதோடு சரி.

"மதிப்பிற்குரிய டீச்சர்"

மாதிரிக் கடிதத்தில் 'ஐயா' என்று நான் எழுதிப்போட்டதை அவளாகவே 'டீச்சர்' என்று மாற்றிக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

"காய்ச்சல் காரணமாக"

கரும்பலகையில் மாதிரிக் கடிதம் எழுதிப்போட்டபோது காரணத்துக்கு 'காய்ச்சல்' என்று போட்டது நான்தான். அதிலிருந்து எது நடந்தாலும் எங்கள் பிள்ளைகளின் கடிதத்தில் காய்ச்சல் என்றே வருகிறது. மழையில் சீருடை காயாதது, தலையில் பேன், பல்வலி, ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் அசதி, வீட்டுப்பாடம் எழுதாத பயம், கழிப்பறையில் தண்ணீர் வராதது, அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரி எல்லாமே காய்ச்சல்தான். நிஜக் காய்ச்சலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வகுப்பில் கால்வாசிப் பேர் இருமிக்கொண்டு இருப்பார்கள்.

இவளுக்கு வந்தது என்ன காய்ச்சல் என்பது கடிதம் கொண்டுவந்த அன்று மதியச் சாப்பாட்டில்தான் தெரிந்தது. தட்டில் வைத்த முட்டையைச் சரிபாதியாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தின்றுவிட்டு, இன்னொரு பாதியை நோட்டுத் தாளில் மடித்துப் பையின் சின்ன அறையில் வைத்தாள். "யாருக்கு?" என்றேன். "தம்பிக்கு டீச்சர். நேத்து முழுக்க முட்டை முட்டைன்னு அழுதான். நான்தான பாத்துக்கிட்டேன்."

எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் அதிகம். அறுவடை தொடங்கிவிட்டால் பெண்களால் ஒரு நாள்கூட வீட்டில் இருக்க முடியாது. அந்தக் கூலியில்தான் கடன் அடைய வேண்டும். தம்பிக்கு ஒன்றரை வயது. இரண்டு வயது ஆனால்தான் அங்கன்வாடியில் சேர்ப்பார்கள். அப்பாயிக்குக் கண் சரியாகத் தெரியாது. வீட்டில் மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான். இந்தப் பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று நான் பதிவேட்டில் எழுதியிருந்தால் அது பெரும் பாவம். ஊரில் ஒரு குழந்தைக் காப்பகம் இல்லை என்பதுதான் அங்கே எழுத வேண்டிய காரணம்.

பசியும் காய்ச்சல் என்ற பெயரில் வந்ததுண்டு. பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகணும் என்ற பிள்ளைகளை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்தன என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் காலை வயிறு காலியாகவே இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் பத்து மணி வயிற்றுவலி குறைந்திருப்பதை என் கண்ணால் பார்க்கிறேன். திங்கட்கிழமை உப்புமாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் குறை இருந்தது. அந்தக் குறையைச் சொல்லவும் வந்துதானே சொன்னார்கள்.

"இன்று ஒரு நாள் மட்டும்"

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தருகிற இடம் இதுதான். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒரு நாள்தான் வரவில்லை. ஆனால் இந்த ஒரு நாள் மாதத்துக்கு இரண்டு முறை வருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். மாதம் இரண்டு நாள் என்றால் பத்து மாதத்தில் 20 நாள், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது 100 நாள், அரை வருஷப் படிப்பு. முப்பது நாள் தொடர்ந்து வராத பிள்ளையைத் தேடிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். உதிரி உதிரியாக நூறு நாள் வராத பிள்ளையை யாரும் தேடுவதில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் 'நேற்று வந்த பிள்ளை' அல்லது 'நாளை வரப்போகும் பிள்ளை'.

வருகைப் பதிவேட்டை நாங்கள் நெடுக்காகவே படிக்கிறோம்: இன்று எத்தனை பேர், மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை. குறுக்காக, ஒரு பிள்ளையின் பெயரிலிருந்து வலப்பக்கம் விரலை ஓட்டிப் படித்தால் வேறு கதை வரும். அப்படிப் படித்த ஒரு சனிக்கிழமை, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சிவப்பு மையில் போட்ட 'ஏ' எல்லாம் செவ்வாய்க்கிழமையிலேயே விழுந்திருப்பதைக் கண்டேன். செவ்வாய் எங்கள் ஊர்ச் சந்தை. தாத்தாவோடு கீரைக்கட்டுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறான். தாத்தாவிடம் போய்ப் பேசினேன். ஒன்பது மணிக்குப் பையனை அனுப்பிவிடுவதாக ஒத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அந்தச் சிவப்பு எழுத்துகளை வரிசையாகப் போட்டது நான்தான், குறுக்கே படித்தது அன்றுதான்.

இந்தப் பெண் வராத அன்று வகுப்பில் என்ன நடந்தது என்பதும் முக்கியம். வகுத்தலில், மீதியோடு அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்குவதை அன்றுதான் நடத்தினேன். 72ஐ 3ஆல் வகுக்க அந்த ஒரு படி தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் அடுத்த இரண்டு வாரம் கரும்பலகையில் நடப்பது எதுவும் அவளுக்கு விளங்காது. விளங்காத இடத்தில் உட்கார்ந்திருக்க யாருக்குப் பிடிக்கும்? அடுத்த காய்ச்சல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

"பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்"

2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. 'கட்டாயம்' என்றதும் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் தன் எட்டாம் பிரிவிலேயே அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லியிருக்கிறது: பிள்ளை சேர்வதையும், தவறாமல் வருவதையும், படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்ய வேண்டிய கடமை அரசுடையது. கடன்பட்டவர்கள் நாங்கள். அப்படியிருக்க, வர முடியாமல்போன பிள்ளை என் முன்னால் கை கட்டி நின்று பணிவன்புடன் கேட்கிறது.

"கீழ்ப்படிந்துள்ள மாணவி"

இந்தக் கடிதம் பள்ளிக்கு வராத அன்று வருவதே இல்லை. வந்த அன்று, பிள்ளையின் கையோடு வருகிறது. 'இன்று' என்று எழுதியிருந்தாலும் அது நேற்றைக்கான கடிதம். அதனால் இதை விடுப்புக் கேட்கிற கடிதமாக நான் இப்போது நினைப்பதில்லை. திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கேட்கிற கடிதம் இது. வாசலில் நிற்கிற பிள்ளையிடம் நாம் முதலில் என்ன பேசுகிறோம் என்பதில்தான் நாளைய வருகை இருக்கிறது. "ஏன் நேத்து வரல?" என்று இருபத்தைந்து பேர் முன்னால் கேட்டால், ஒரு நாள் விடுப்பு எடுத்த பிள்ளை அந்தக் கேள்விக்குப் பயந்து இன்னும் இரண்டு நாள் சேர்த்து எடுக்கும். அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் சட்டம் தடுக்கிறது. இந்தக் கேள்வியைத் தடுக்கச் சட்டம் இல்லை, நாமேதான் விட வேண்டும்.

ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அது பெரும்பாலும் உடம்பு நன்றாக இருக்கிற, வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளைக்கே போகிறது. பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து பெஞ்சில் படுத்துக்கிடந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். போன பருவத்தைவிட இந்தப் பருவம் அதிக நாள் வந்த பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, மற்ற பிள்ளைகளைக் கைதட்டச் சொல்கிறேன். செலவு ஒன்றும் இல்லை.

"பெற்றோர் கையொப்பம்"

கைநாட்டு அப்பாயியுடையது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். அம்மா காட்டிலிருந்து திரும்ப இருட்டிவிடும். பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகையைப் பற்றிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கூட்டத்தை மாலை மூன்று மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? நான் ஏழு மணிக்குத் தெருவுக்குப் போனேன். "வெங்காய வேலை முடியிற வரைக்கும் தம்பியையும் தூக்கிக்கிட்டு வரச் சொல்லும்மா" என்றேன். "கிளாஸ்ல அழுதா டீச்சர்?" என்றாள் அந்த அம்மா. "அழுதா அழட்டும், நான் தூக்கி வச்சுக்கிறேன்" என்றேன். ஒன்பது நாள் வந்தான். இரண்டு நாள் நன்றாக அழுதான்.

"டீச்சர் நேத்து என்ன கணக்கு"

இது மட்டும் நான் சொல்லிக்கொடுக்காத வரி. தாளின் அடியில் இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கிறாள், கேள்விக்குறிகூட இல்லை. இந்த வரியைக் கடிதத்தை வாங்கியபோது நான் கவனிக்கவில்லை. கடிதக் கட்டுக்குள் செருகும்போதுதான் கண்ணில் பட்டது. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே 72ஐ 3ஆல் வகுத்துக் காட்டினேன். ஏழில் இரண்டு தடவை, மீதி ஒன்று, இரண்டைக் கீழே இறக்கு. ஒரு அம்புக்குறி போட்டேன். அடுத்து 84ஐ அவளே போட்டாள். எட்டில் மீதி இரண்டு, நான்கு கீழே இறங்கியது. என்னுடையதைவிடப் பெரிய அம்புக்குறி. 28 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு, "இன்னொண்ணு குடுங்க டீச்சர்" என்றாள்.