தமிழ்நாட்டில் நில உரிமை ஆவணங்கள்

தமிழ்நாட்டில் நில உரிமை ஆவணங்கள் என்பவை, ஒரு நிலத்தின் மீது ஒருவருக்கு உள்ள உரிமையைக் காட்டுவதற்குப் பயன்படும் பதிவு செய்யப்பட்ட பத்திரங்கள், வருவாய்த் துறைப் பதிவேடுகள், நில அளவை வரைபடங்கள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். இந்தியாவின் பெரும்பகுதியைப் போலவே தமிழ்நாட்டிலும் ஒரு நிலத்தின் உரிமையாளர் இன்னார் என்று அரசு உறுதியளிக்கும் தனி ஆவணம் எதுவும் இல்லை. பல ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே உரிமை ஊகிக்கப்படுகிறது. நில மோசடிகள் பெரும்பாலும் இந்த ஆவணங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைப் பயன்படுத்தியே நடைபெறுகின்றன. 2000 ஆம் ஆண்டு முதல் இவ்வாவணங்கள் படிப்படியாகத் தாளிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. இம்மாற்றம் சில மோசடிகளைக் கடினமாக்கியுள்ளது. சிலவற்றை அவ்வாறே விட்டுவைத்துள்ளது.

இக்கட்டுரை மாநில அளவிலான முறையை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டங்களை ஒட்டித் தரப்பட்டுள்ளன.

ஆவண வகைகள்

நில ஆவணங்கள் இரண்டு தனித்தனித் துறைகளால் பேணப்படுகின்றன.

பதிவுத்துறை: விற்பனை (கிரயம்), தானம், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம் முதலிய பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்படுகின்றன. 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 17 இன்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒரு சொத்தின் மீது பதிவான நடவடிக்கைகளின் பட்டியலே வில்லங்கச் சான்று ஆகும்.

வருவாய்த் துறை: பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, அடங்கல், புல வரைபடம் ஆகியவை வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியே பேணப்படுகின்றன. நகராட்சிப் பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேடு பயன்படுகிறது. இவை வரி வசூலிக்கவும் நில நிருவாகத்திற்காகவும் தோன்றியவை. பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் பலமுறை தீர்ப்பளித்துள்ளன. ஆயினும் நடைமுறையில் பட்டா இல்லாத நிலத்தை விற்பதும் வங்கிக் கடன் பெறுவதும் கடினம்.

இரு துறைகளின் பதிவேடுகளும் ஒரே நிலத்தைப் பற்றியவை எனினும், ஒன்றில் ஏற்படும் மாற்றம் நெடுங்காலம் மற்றொன்றில் தானாக இடம்பெறவில்லை. நிலத்தை விற்ற பின்னரும் விற்றவர் பெயரிலேயே பட்டா தொடர்வது இதன் விளைவு.

வரலாறு

தமிழ்நாட்டு நில ஆவணங்களைப் படிப்பதற்கு ஊரின் நிருவாக வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். திருவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. 1985 இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டுக் காமராஜர் மாவட்டம் தோன்றியது. இது பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இராஜபாளையமும் முன்பு திருவில்லிபுத்தூர் வட்டத்திற்குள் அடங்கியிருந்தது. ஆகவே இராஜபாளையத்திலுள்ள ஒரே தோட்டத்தின் தாய்ப் பத்திரத்தில் ஒரு மாவட்டமும், அடுத்தடுத்த பத்திரங்களில் வேறு மாவட்டங்களும் எழுதப்பட்டிருக்கலாம். இது பிழையன்று.

புல எண்களும் மாறியுள்ளன. சேத்தூர் போன்ற சமீன் பகுதிகள் 1948 ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்தின் வழியே இரயத்துவாரி முறைக்கு மாற்றப்பட்டன. சமீன் கிராமங்களின் பழைய ஆவணங்களில் பைமாஷ் எண்களே காணப்படும். 1979 இல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டு, பல இடங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. அப்போது பெயர்கள் தவறாக ஏறியதும், கூட்டுச் சொத்து ஒருவர் பெயரில் மட்டும் பதிவானதும் உண்டு. இப்பிழைகளைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் முறையிடலாம். அன்று கையால் எழுதப்பட்ட பிழை, பின்னர் அப்படியே கணினியில் ஏற்றப்பட்டு இன்றும் பல வழக்குகளுக்குக் காரணமாக உள்ளது.

மின்னணு மயமாக்கம்

பதிவுத்துறையில் 'ஸ்டார்' எனப்படும் கணினித் திட்டம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் இரண்டாம் பதிப்பு 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்மூலம் ஆவண விவரங்களை இணையத்தில் முன்கூட்டியே உள்ளிடவும், வில்லங்க விவரங்களை இணையத்தில் பார்க்கவும் முடிந்தது. வருவாய்ப் பதிவேடுகள் 'தமிழ் நிலம்' என்னும் மென்பொருளில் பேணப்படுகின்றன. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத விற்பனைகளில், பதிவு முடிந்தவுடன் பட்டா தானாக மாறும் வகையில் இரு துறைகளின் மென்பொருள்களும் இணைக்கப்பட்டுள்ளன. உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவர் நேரில் அளந்த பின்னரே பட்டா மாறும். நடுவண் அரசு இப்பணிகளுக்காக 2008 இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.

2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களை மின்னணுக் கையொப்பத்தின் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தது. இவ்விலக்கு 2022 இல் நீக்கப்பட்டது. ஆயினும் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் தொடர்கிறது.

மோசடி முறைகள்

ஆள்மாறாட்டம்: உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழும்போது, வேறொருவர் அவராக நடித்துப் பத்திரத்தில் கையொப்பமிடுதல்.

போலி அதிகார ஆவணம்: உரிமையாளர் கொடுக்காத 'பவர்' ஆவணத்தைக் கொண்டு விற்றல். அதிகாரம் அளித்தவர் இறந்தவுடன் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இறப்பை மறைத்து விற்பதும் இவ்வகையைச் சேரும்.

இரட்டை விற்பனை: ஒரே மனையை இருவருக்கு விற்றல். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி பொதுவாக முந்திய விற்பனையே செல்லும்.

வாரிசுகளை மறைத்தல்: வாரிசுச் சான்றில் மகள்களையோ முதல் மனைவியின் பிள்ளைகளையோ விட்டுவிட்டு, எஞ்சியோர் மட்டும் விற்றல்.

ஒருதலைப்பட்ச இரத்து: விற்றவர் பின்னர் தாமாகவே ஓர் இரத்து ஆவணத்தைப் பதிவு செய்து, நிலத்தை மீண்டும் விற்றல். இவ்வாறு விற்பனைப் பத்திரத்தை இரத்து செய்ய முடியாது எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011 இல் தீர்ப்பளித்தது.

விற்கக்கூடாத நிலத்தை விற்றல்: புறம்போக்கு, நீர்நிலை, பூதான நிலம், கோயில் நிலம் ஆகியவற்றை மனைகளாக்கி விற்றல். 1959 ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, உரிய அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. ஆண்டாள் கோயில் அமைந்துள்ள திருவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊர்களில் இது தனிக்கவனத்திற்கு உரியது.

தாள் ஆவணமும் மின்னணு ஆவணமும்

தாள் ஆவணத்தின் வலிமை, அது ஒன்றே ஒன்றாக இருப்பது. மூலப் பத்திரம் தம் பெட்டியில் இருக்கும்வரை பிறர் விற்க முடியாது என்று பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை முழுமையாகச் சரியன்று. பத்திரம் தொலைந்ததாகக் கூறி, பதிவுத்துறையின் சான்றிட்ட நகலைப் பெற்று மோசடி செய்யலாம். தாளும் முத்திரையும்கூடப் போலியாகலாம். 2000களின் தொடக்கத்தில் வெளிவந்த தெல்கி முத்திரைத்தாள் மோசடி பல மாநிலங்களைப் பாதித்தது. மின்முத்திரை முறை பரவுவதற்கு அது ஒரு காரணமாயிற்று.

மின்னணுப் பதிவேட்டின் வலிமை, அதனைப் பலரும் பல இடங்களிலிருந்து பார்க்க முடிவது. முன்பு வில்லங்கம் பார்க்க ஆண்டுவாரியாகத் தடித்த அட்டவணைப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அதில் ஓர் ஏடு கிழிந்திருந்தால் ஒரு விற்பனையே மறைந்துவிடும். கணினியில் யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்பதைக் குறித்து வைக்க முடியும்.

ஆனால் கணினி, தன்னிடம் ஏற்றப்பட்ட தரவு பின்னர் மாற்றப்பட்டதா என்பதையே காட்ட வல்லது. முதலில் ஏற்றப்பட்டது உண்மையா என்பதை அது அறியாது. ஆள்மாறாட்டத்தால் பதிவான பத்திரமும் கணினியில் பிழையற்ற பத்திரமாகவே தோன்றும். தொடரேடு (பிளாக்செயின்) நுட்பத்திற்கும் இவ்வரம்பு உண்டு. 2025 நவம்பரில் பீகார் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இந்நுட்பத்தின் பயனை ஆராயுமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது.

சட்டப் பாதுகாப்பு

2001 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு 32-ஏ, ஆவணத்தில் ஒளிப்படமும் விரல்ரேகையும் இடம்பெறுவதைக் கட்டாயமாக்கியது. பொய்யாக ஆள்மாறாட்டம் செய்வோருக்குப் பிரிவு 82 இன்கீழ் ஏழாண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

2022 இல் தமிழ்நாடு அரசு மேலும் சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. பிரிவு 22-பி, போலி ஆவணங்களைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரத்தைச் சார்பதிவாளருக்கு வழங்கியது. பிரிவு 77-ஏ, மோசடிப் பத்திரங்களை இரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு வழங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 சூலையில் பிரிவு 77-ஏ செல்லாது என்று தீர்ப்பளித்தது. மூலப் பத்திரத்தைக் காட்டினாலன்றிப் பதிவு செய்யக்கூடாது என்ற விதி 55-ஏ(1) ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் நீக்கியது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அதன்பின் அதே ஆண்டில், மூலப் பத்திரத் தேவையைச் சட்டமாகவே கொண்டுவரும் முன்வரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

பிரிவு 77-ஏ நீக்கப்பட்ட நிலையில், மோசடிப் பத்திரத்தை இரத்து செய்ய உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. இரத்து கோரும் வழக்கிற்கான காலவரம்பு, அதற்கான காரணங்கள் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். ஆகவே வில்லங்கத்தை அவ்வப்போது பார்த்து வருவது, நிலம் வாங்குவோருக்கு மட்டுமன்றி ஏற்கெனவே நிலம் வைத்திருப்போருக்கும் தேவையாகிறது.

வாங்குவோர் செய்யும் சரிபார்ப்பு

நடைமுறையில் பின்வருவன சரிபார்க்கப்படுகின்றன:

1. தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை உரிமைத் தொடர் அறுபடாமல் உள்ளதா என்பது.
2. வில்லங்கச் சான்று, பெயரைக் கொண்டு மட்டுமன்றிப் பழைய, புதிய புல எண்கள் இரண்டையும் கொண்டு தேடப்பட்டதா என்பது. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பல எழுத்துக்கூட்டல்களில் பதிவாகியிருக்கலாம்.
3. விற்பவர் காட்டும் பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறப்படும் சான்றிட்ட நகலுடன் ஒத்துள்ளதா என்பது.
4. 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு, புல வரைபடத்தில் அளவுகள்.
5. அதிகார ஆவணம் எனில், அதனை அளித்தவர் உயிருடன் உள்ளாரா, அதிகாரத்தை இரத்து செய்துள்ளாரா என்பது.
6. நிலத்தில் நேரில் யார் அனுபவத்தில் இருக்கிறார், எல்லைகள் பத்திரத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்பது.

வில்லங்கச் சான்றில் எல்லாம் தெரிவதில்லை. உயில், பதிவு செய்யப்படாத ஒப்பந்தம், நிலுவையிலுள்ள வழக்கு, வாரிசுகளின் பங்கு முதலியன அதில் இடம்பெறாமல் போகலாம். பத்திரத்தை ஒப்படைத்து வங்கியில் பெற்ற கடன்களை அறிய, நடுவண் அரசின் பிணையப் பதிவகத்திலும் (செர்சாய்) தேடலாம்.

பிற இடங்களில்

உரிமையை அரசே உறுதிசெய்யும் முறை 1858 இல் தெற்கு ஆத்திரேலியாவில் இராபர்ட் டோரன்சு முயற்சியால் சட்டமானது. இம்முறையில் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர். தவறு நேர்ந்து இழப்பு ஏற்பட்டால் ஈடு வழங்க ஏற்பாடு உண்டு. இலங்கை, 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் வழியே இதனை ஒத்த முறையைத் தொடங்கியது. அது 'பிம்சவிய' என்னும் திட்டமாகச் செயற்படுத்தப்பட்டது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசம் இயற்றிய நில உரிமைச் சட்டம் 2023 இல் நடைமுறைக்கு வந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024 இல் திரும்பப் பெறப்பட்டது. உரிமைத் தகராறுகளை உரிமையியல் நீதிமன்றங்களிடமிருந்து அதிகாரிகளிடம் மாற்றியது அச்சட்டத்தின் மீதான முதன்மைக் குறைபாடாகக் கூறப்பட்டது.

இவற்றையும் பார்க்க

பட்டா
வில்லங்கச் சான்று
சமீன்தாரி முறை
விருதுநகர் மாவட்டம்