கலைமான் வினாதல்: அம்பு முதல் தோட்டா வரை

தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலக்கல்லைத் திருக்கோவிலூருக்கு வந்து சென்ற எந்தத் தமிழன்பரும் மறந்திருக்க இயலாது. பாரியை இழந்த கபிலர் உயிர்நீத்த இடமென வழங்கும் கல் அது. அங்கிருந்து மேற்றிசையில் கல்வராயன் மலைத்தொடர் எழுகிறது. குறிஞ்சி பாடிய புலவரின் நினைவிடமும் குறிஞ்சி நிலமும் இவ்வாறு அணித்தே அமைந்த ஊரில், குறிஞ்சிக்கே உரிய வேட்டையைப் பற்றி நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்வது பொருத்தமாகும்.

அகப்பொருள் மரபில் 'கெடுதி வினாதல்' என்றொரு செய்தி உண்டு. தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, தன்னிடமிருந்து தப்பிய விலங்கு இவ்வழி வந்ததோ என்று தலைவியையும் தோழியையும் வினவுவான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் இச்சூழல் வருகிறது. மணிவாசகரின் திருக்கோவையாரிலோ 'கலைமான் வினாதல்' என்றே ஒரு துறை உண்டு. அங்கே வினவப்படுவது கணையால் புண்பட்ட கலைமான். இதைத் தலைவன் சொல்லும் நயமான பொய் என்று நாம் படித்து மகிழ்கிறோம். ஆயின் ஒரு வேட்டுவன் இதனைக் கேட்டால் அவன் மனத்தில் எழும் முதல் வினா வேறாக இருக்கும்: கணை பட்ட மான் ஏன் விழவில்லை?

இந்த வினாவே வேட்டைக் கருவிகளின் வரலாறு முழுவதையும் இயக்கியது. எந்த அம்பு, எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து என்னும் ஆராய்ச்சியெல்லாம் அடிபட்ட விலங்கு அலைந்து சாகாமல் விரைவில் உயிர்விட வேண்டும் என்னும் ஒரே நோக்கில் வந்து முடியும்.

ஓரியின் அம்பு

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர், வல்வில் ஓரி எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாகப் பாடுகிறார். அந்த ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்கு ஈந்தவன் முள்ளூர் மன்னன் காரி என்பது அகநானூற்றின் 209ஆம் பாடல் தரும் செய்தி. கபிலர் பாடிய நம் மலையமான் திருமுடிக்காரியே அவன்.

ஐந்து விலங்குகள் என்ற எண்ணிக்கை உயர்வு நவிற்சி. ஆனால் ஊடுருவிச் செல்வதை அம்பின் சிறப்பாகப் புலவர் கொண்டது தொழிலறிந்த கூற்று. அம்பு மோதி உடைத்துக் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. அதன் வேகம் குறைவு. கூரிய அலகு குருதிக் குழாய்களை அறுத்து மறுபுறம் வெளிவந்தால், இரு வாயில்களிலும் குருதி வடியும். விலங்கு விரைவில் சாயும். ஓடினாலும் தரையில் தடம் இருக்கும். பாதியில் நின்றுவிட்ட அம்போ அந்தத் தடத்தையும் அடைத்துவிடக்கூடும். கலைமானைத் தேடி வினவி அலையும் நிலை அப்போதுதான் நேர்கிறது.

ஒவ்வொரு வெடியும் கைக்கூட்டு

துப்பாக்கி வந்தபின் வினா மாறவில்லை, விடைதான் மாறியது. மலைநாட்டில் வழங்கிய நாட்டுத் துப்பாக்கி வாய்வழி மருந்திடும் வகையைச் சேர்ந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்தைக் குழலின் வாயில் இட்டு, நாரைத் திணித்து, மேலே ஈய ரவைகளைப் போட்டுக் கோலால் இடிப்பர். மருந்து மிகுந்தால் குழலே வெடித்துச் சுடுபவனின் கையைக் கொண்டுபோகும். குறைந்தால் ரவை தோலோடு நின்றுவிடும். அளவு முழுவதும் கைப்பழக்கத்தைச் சார்ந்திருந்தது.

இவ்வளவை ஏட்டில் ஆராய்ந்தோரும் இந்நாட்டிலேயே இருந்தனர். நடு இந்தியக் காடுகளில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஃபோர்சைத் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, வேட்டைத் துப்பாக்கியையும் அதன் குண்டுகளையும் பற்றி 1863இல் ஒரு தனி நூலே எழுதினார். பருத்த உருண்டைக் குண்டு, நிறைந்த மருந்து, குண்டை மெல்லச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் என்பன அவர் கண்ட முடிபு. மறுபுறம், எடை குறைந்த குண்டை மிகு வேகத்தில் செலுத்தும் 'எக்ஸ்பிரஸ்' ரைபிள்களும் அக்காலத்தே பரவின. குழிந்த முனையுடைய அக்குண்டு மானைச் சட்டென வீழ்த்தியது; பெருவிலங்கின்மீது பட்டால் மேற்புறத்திலேயே சிதறியது.

மலரும் குண்டு

1880களில் புகையில்லா மருந்து வந்தது. குண்டின் வேகம் பெருகியது. எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் அவ்வேகத்தில் வெறும் ஈயம் குழலில் உருகித் தேயும். எனவே ஈயத்தை வன்மையான உலோக உறையால் மூடினர். முழுதும் மூடிய குண்டு உடலைத் துளைத்து ஊசிபோல் வெளியேறியது. அம்புக்குச் சிறப்பாயிருந்த ஊடுருவல் இங்கே குறையாயிற்று. சிறு துளை மட்டுமே பெற்ற விலங்கு நெடுந்தூரம் ஓடியது.

கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், 1890களின் பிற்பகுதியில், கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் உறையின் முனையை நீக்கி ஈயத்தை வெளித்தெரிய விட்டார். பட்டவுடன் முனை மலர்ந்து அகன்றது. இக்குண்டு மனிதரை எய்தும் கொடுமை கண்டு, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு போரில் இத்தகைய குண்டுகளை விலக்கியது. ஆனால் மான் வேட்டையில் மலரும் குண்டே விதியாயிற்று. போரில் புண்பட்டவன் பிழைக்கக்கூடும் என்பதால் கொடும்புண் விலக்கப்பட்டது. வேட்டையில் புண்பட்ட மானுக்கு மருத்துவரில்லை என்பதால் விரைந்த சாவே இரக்கமெனக் கொள்ளப்பட்டது. ஒரே ஈயத்துண்டைப் பற்றிய இவ்விரு தீர்ப்புகளும் இரக்கத்திலிருந்தே பிறந்தன என்பது எண்ணற்பாலது.

தோட்டாவைத் தாமே நிரப்பும் பழக்கம் மேலைநாடுகளில் வளர்ந்ததும் இக்கவலையாலேயே. பித்தளை உறை, பற்றவைக்கும் மூடி, மருந்து, குண்டு என்னும் நான்கையும் அளந்து சேர்ப்பவன் தன் துப்பாக்கிக்கும் தான் நாடும் விலங்குக்கும் ஏற்றதைத் தேர்கிறான். ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள புள்ளிமானுக்கு ஏற்ற மென்குண்டு, 200 கிலோவையும் தாண்டும் கடமானின் தோள் எலும்பில் சிதறிவிடலாம். கடமானுக்கான வன்குண்டு புள்ளிமானில் மலராமலே கடந்துவிடலாம். 1946இல் ஜான் நாஸ்லர் என்னும் அமெரிக்கர் தம் குண்டு மூஸ் என்னும் பெருமானின் உடலில் ஆழச் செல்லாமை கண்டு, நடுவே தடுப்புச் சுவருடைய குண்டை உருவாக்கினார். முன்பாதி மலரும், பின்பாதி ஊடுருவும். ஓரியின் அம்பும் டம்டம் குண்டும் ஒன்றில் இணைந்தன எனலாம்.

சட்டமும் மலையும்

நம் மாநிலத்தில் 1879லேயே நீலகிரிக்கென வேட்டை விலங்குக் காப்புச் சட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் பெற்ற வேட்டைக்குச் சிறிது இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் அகற்றியது. அதே 1991இல் இங்கிலாந்து இயற்றிய மான் சட்டம், மானைச் சுட மென்முனை அல்லது குழிமுனைக் குண்டையே பயன்படுத்த வேண்டுமென விதித்தது. அங்கே சட்டம் குண்டைத் தேர்ந்து கொடுத்தது. இங்கே வேட்டையையே நிறுத்தியது. காடு சுருங்கிய நம் நாட்டுக்கு இதுவே தக்கது.

1976 வரை ஜாகீர்தாரர் ஆட்சியில் இருந்த கல்வராயன் மலையிலும் இச்சட்டமே இன்று ஆள்கிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை அறிவிக்கிறது, சிலர் ஒப்படைக்கின்றனர், சில குழல்கள் இன்னும் இரவில் வெடிக்கின்றன.

அந்த இரவு வெடியில்தான் பழைய மரபு முற்றிலும் அறுந்துபோகிறது. அளவறியாத மருந்தும் சிதறும் ரவையும் மானைக் கொல்வதைவிடப் புண்படுத்துவதே எளிது. புண்பட்ட மான் புதருக்குள் ஓடும். சங்கத் தலைவன் பகலில் வந்து, வெளிப்படையாக, இவ்வழி ஒரு கலைமான் வந்ததோ என்று கேட்டான். அது பொய்யே ஆயினும், அப்பொய்யை நம்பத்தக்கதாக்கியது ஓர் உண்மை: எய்தவன் தேடிச் செல்லக் கடமைப்பட்டவன். சட்டத்துக்கு அஞ்சி இருளில் சுடுபவனோ எவரிடமும் வினவ இயலாது. அந்த மானைத் தேடுவார் இல்லை.

கலைமான் வினாதல் துறையை இனிப் பாடவோ படிக்கவோ நேரும் நம் வட்டத்துக் கவிஞர்கள், தினைப்புனத்துத் தலைவியை நோக்கும் கண்ணை ஒருகணம் திருப்பி, குருதி சிந்திச் சென்ற அந்த மானையும் நோக்க வேண்டும் என்பது என் விழைவு.