மேன்ஹோல் மூடியும் மூன்று சில்லு வண்டியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த வாரம் மஃரிபுக்குப் பிறகு பெய்த மழையில், சந்திக்குக் கிட்ட ஓர் ஓட்டோ தடுமாறி வடிகான் பக்கம் சாய்ந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். உள்ளே உம்மாவின் மடியில் இருந்தது என் வகுப்பு மாணவன் ஒருவனின் தங்கை. கம்பியில் வாய் அடிபட்டு இரண்டு தையல். அல்ஹம்துலில்லாஹ், அதோடு தப்பியது. புதிதாகக் காபட் போட்ட வீதியின் நடுவில் இரண்டு அங்குலப் பள்ளத்தில் கிடக்கும் மேன்ஹோல் மூடிதான் காரணம். மழைத்தண்ணீர் நிறைந்திருந்ததால் பள்ளமே தெரியவில்லை.

மறுநாள் அந்த ஓட்டோச் சாரதி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சேர், கார் எல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லாமப் போகுதே. எங்கட ஓட்டோவும் சைக்கிளும் மட்டும் ஏன் விழுது?"

வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதற்கான விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீதிக்குக் கீழே கான் ஓடுவதும் அதற்கு மூடி போடுவதும் புதிய விடயமல்ல. சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன், சிந்து நதிக்கரையின் மொஹெஞ்சதாரோவில் வீதியோரமாகச் செங்கல்லால் கட்டிய வடிகான்கள் இருந்தன. அவற்றைச் செங்கல்லாலும் கற்பலகையாலும் மூடியிருந்தார்கள். தேவைப்படும்போது பலகையைத் தூக்கி அடைப்பை எடுக்கலாம். மூடியின் வேலை அன்று முதல் இன்று வரை இரண்டுதான்: மேலே போகிறவரைத் தாங்க வேண்டும், கீழே இறங்க வேண்டியவருக்குத் திறக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நினைத்தால் மற்றது கெட்டுப்போகும்.

அடுத்து இத்தாலியின் பொம்பேய் நகரம். கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் புதைந்ததால் அதன் வீதிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கருங்கல் பாவிய அந்த வீதிகளில் வண்டிச் சில்லுகள் அரைத்த ஆழமான தடங்களைக் காணலாம். வீதியில் அழுக்குத் தண்ணீர் ஓடும்போது மக்கள் கடந்து செல்ல உயரமான கற்களையும் வைத்திருந்தார்கள். வண்டியின் சில்லு புகுந்து போகும் அளவுக்கு அந்தக் கற்களுக்கு இடையே இடைவெளி விட்டிருந்ததுதான் கவனிக்க வேண்டியது. வீதியின் நடுவே எதையாவது வைப்பதானால், அங்கே ஓடும் வண்டியின் சில்லு எங்கே விழும் என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். தேய்ந்த தடங்களில் இரும்பை உருக்கி ஊற்றிப் பழுது பார்த்ததற்கான அடையாளங்களையும் ஆய்வாளர்கள் கண்டு 2019 இல் வெளியிட்டார்கள்.

நவீன வீதியின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1816 இல் பிரிஸ்டல் பகுதி வீதிகளுக்குப் பொறுப்பாக வந்த ஜோன் மெக்கடம் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், சிறிதாக உடைத்த கற்களை இறுக்கமாகப் பரப்பி, நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, தண்ணீர் இரு பக்கமும் வடிந்தோட வழி செய்தார். வீதியின் முதல் எதிரி தண்ணீர் என்பது அவருடைய பாடம். இன்று நாம் பார்க்கும் பள்ளங்களும் பெரும்பாலும் அப்படித்தான் உருவாகின்றன. மூடியின் சட்டத்துக்கும் தாருக்கும் இடையே சிறு வெடிப்பு வரும், அதற்குள் தண்ணீர் இறங்கும், கீழே உள்ள மண் கரையும், லொறி ஏறும்போது சட்டம் அமிழ்ந்துவிடும்.

பிறகு 1858 கோடைகாலம். தேம்ஸ் நதியில் கலந்த கழிவின் நாற்றத்தில் லண்டன் பாராளுமன்றமே இருக்க முடியாமல் திணறியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் கொலராவில் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியியலாளர் 132 கிலோமீற்றர் நீளமான பிரதான கழிவுநீர்க் கான்களை நிலத்துக்கடியில் கட்டினார். எத்தனையோ உயிர்களைக் காத்த வேலை அது. ஆனால் நகரங்களின் அடியில் இப்படிக் கானும், பிறகு காஸ் குழாயும், தண்ணீர்க் குழாயும், தொலைபேசிக் கம்பியும் போகத் தொடங்கியபோது வீதிக்குப் பல எசமானர்கள் வந்தார்கள். மேலே ஒருவர், கீழே இன்னொருவர். இருவரும் சந்திக்கும் இடம் மேன்ஹோல் மூடி. இருவருமே "அது என் வேலையில்லை" என்று சொல்ல வசதியான இடமும் அதுதான்.

கரடுமுரடான வீதியைச் சமமாக்கித் தரும்படி முதலில் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? கார்க்காரர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சைக்கிள்காரர்கள்! இங்கிலாந்தில் 1886 இல் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து வீதி மேம்பாட்டுக்கென்றே ஒரு சங்கத்தை அமைத்தன. அமெரிக்க சைக்கிள்காரர்கள் 1892 இல் 'நல்ல வீதிகள்' என்ற பெயரில் சஞ்சிகையே வெளியிட்டார்கள். கார் வீதிக்கு வந்து நிறைவதற்கு முந்திய கதை இது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பெல்பாஸ்ட் நகரின் கரடுமுரடான வீதிகளில் தன் மகனின் சிறிய மூன்று சில்லு சைக்கிள் குலுங்குவதைப் பார்த்த ஜோன் டன்லப் என்ற மிருக வைத்தியர், றப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லில் சுற்றினார். 1888 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த டயர்தான் உலகில் றப்பருக்குப் பெரும் கேள்வியை உண்டாக்கியது. 1876 இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து கம்பஹா ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகள், பின்னர் இலங்கையின் றப்பர்த் தோட்டங்களாகப் பெருகின. ஒரு பிள்ளை கரடு வீதியில் குலுங்கியதில் தொடங்கிய கதை நம் மண் வரைக்கும் வந்து சேர்ந்தது.

20ஆம் நூற்றாண்டில் வீதி காரின் கைக்குப் போனது. வீதியின் சமமின்மையை உலகம் முழுவதும் அளக்கும் அளவுகோல், 1982 இல் உலக வங்கி பிரேசிலில் நடத்திய சோதனையிலிருந்து வந்தது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு காரின் சில்லு எவ்வளவு குலுங்கும் என்பதே அதன் கணக்கு. மேன்ஹோலை எங்கே வைப்பது என்பதற்கும் பொறியியலாளர்களிடம் ஒரு நடைமுறை உண்டு: வாகனச் சில்லு ஓடும் தடத்தில் வைக்காதே, முடிந்தால் இரு தடங்களுக்கும் நடுவில் வை. காருக்கும் லொறிக்கும் இது மிகச் சரி. இரு பக்கச் சில்லுகளும் மூடியைத் தொடாமல் போய்விடும்.

இப்போது ஓட்டோவை நினைத்துப் பாருங்கள். அதன் முன்சில்லு ஒன்றே ஒன்று, சரியாக நடுவில். கார் தாண்டிப் போகும் அதே இடத்தில்தான் ஓட்டோவின் சில்லு விழும். போதாததற்கு அந்தச் சில்லு சிறியது. றிம் வெறும் 8 அங்குலம். சில்லு சிறிதாக இருந்தால் பள்ளத்துக்குள் கூடுதலாக இறங்கும். மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நனைந்த இரும்பு மூடியில் டயருக்குப் பிடி கிடையாது. அங்கே பிறேக் பிடித்தால் வழுக்கும்.

சாரதி சகோதரரின் கேள்விக்கு இதுதான் விடை. அவருடைய ஓட்டத்தில் குற்றம் தேடுவதற்கு முன், அந்த மூடியின் இடமும் மட்டமும் அவருடைய வண்டியை நினைத்து முடிவானவையா என்று நாம் கேட்க வேண்டும். நமதூர் வீதியில் ஒரு மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள், இரண்டு சில்லும் மூன்று சில்லும்தான் அதிகம்.

நம் நாட்டில் கழிவுநீர்க் கான் கொழும்பு போன்ற ஒருசில இடங்களில்தான் உண்டு. நமதூரில் இருப்பவை தொலைபேசிக் கம்பி, மழைநீர் வடிகான், தண்ணீர் வால்வு ஆகியவற்றின் மூடிகள். அவற்றைத் தோண்டி இடம் மாற்றுவது பெரிய செலவு. ஆனால் மட்டத்தைச் சரி செய்வது சிறிய வேலை. காபட் போடும்போது வீதி இரண்டு அங்குலம் உயர்கிறது, மூடி பழைய இடத்திலேயே நிற்கிறது. சட்டத்துக்கு அடியில் வளையமோ கொங்கிறீட்டோ வைத்து உயர்த்தி, சாந்து நன்றாக இறுகிய பிறகு வாகனங்களை விட்டால் போதும். அவசரத்தில் இறுகாத சாந்தின் மேல் லொறியை விட்டால் மூன்று மாதத்தில் பழையபடி பள்ளம்தான். மூடியின் தரமும் முக்கியம். ஐரோப்பிய நியமத்தில் வாகன வீதிக்கான மூடி ஏறத்தாழ 40 தொன் பாரத்தைத் தாங்க வேண்டும். நடைபாதைக்குரிய மெல்லிய மூடிக்கு ஒன்றரைத் தொன்தான் கணக்கு. அதை வீதியில் போட்டால் ஒருநாள் உடையும்.

இப்போது என் வேண்டுகோள். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலருடன் சந்தியிலிருந்து பாடசாலை வரை உள்ள ஒவ்வொரு மூடியையும் அடிமட்டத்தால் அளந்து, படம் எடுத்து, இலக்கமிடப் போகிறேன். எந்த மூடி யாருக்குரியது என்பதும் பெரும்பாலும் மூடியிலேயே எழுதியிருக்கும். அந்தப் பட்டியலை வீதிக்குப் பொறுப்பானவர்களுக்கும் மூடிக்குப் பொறுப்பானவர்களுக்கும் ஒரே கடிதமாக, ஒரே நாளில் கொடுப்போம். அப்போது ஒருவர் மற்றவரைக் காட்ட முடியாது. ஓட்டோ, மோட்டார் சைக்கிள் ஓட்டும் சகோதரர்கள் கட்டாயம் வாருங்கள். எந்த மூடி எப்படி உதைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அதுவரை சந்தி மூடிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கொப்பை யாரோ நட்டிருக்கிறார்கள். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் ஒரு பகுதி என்று சிறு வயதிலேயே ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம். கொப்பு நட்டவர் தன் பங்கைச் செய்துவிட்டார். மிச்சம் நம்முடையது.

சனிக்கிழமை வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். உங்கள் ஒழுங்கையிலும் இப்படி மூடி இருந்தால் இடத்தைக் குறிப்பிடுங்கள், பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.