உளுந்து காயும் ஓடுதளம்

போன தீபாவளி லீவுக்கு கள்ளக்குறிச்சி போயிருந்தப்ப ஆரம்பிச்ச கதை இது. மூணு நாள் விடாம மழை. கோமுகி அணை, அப்புறம் கல்வராயன் மலையில வெள்ளிமலை வரைக்கும் பைக்னு போட்டிருந்த திட்டமெல்லாம் ஊத்திக்கிச்சு. சரி, நிஜமா போக முடியலைன்னா பறந்தாவது போவோம்னு லேப்டாப்புல ஃப்ளைட்கியரைத் திறந்தேன். (தெரியாதவங்களுக்கு: இது ஒரு இலவச, திறமூல விமான சிமுலேட்டர். உலகம் பூரா சுத்தலாம். பைசா செலவில்லை, தூக்கம்தான் போகும்.)

எங்கேயிருந்து கிளம்புறதுன்னு பார்த்தா சேலம், புதுச்சேரி, திருச்சின்னு காட்டுது. எங்க மாவட்டத்துல ஒண்ணுமே இல்லை. "என்னா ஊருடா இது, ஒரு ஏர்போர்ட் கூட இல்ல"ன்னு நான் புலம்பினது, பக்கத்துல மல்லாட்டை உரிச்சுக்கிட்டிருந்த எங்க ஆயா காதுல விழுந்துடுச்சு.

"ஏன் இல்ல? உளுந்தூர்பேட்டையில கீதே. வெள்ளைக்காரன் போட்டது. எங்கம்மா அதுக்குக் கல்லு சுமந்தவங்கடா."

எத்தனையோ தடவை உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைத் தாண்டி சென்னைக்குப் போயிருக்கேன். ஒரு போர்க்கால விமானதளத்தைத் தாண்டிப் போறேன்னு ஒரு நாளும் தெரியாது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், சிமுலேட்டர்ல அதை நானே கட்டிடறதுன்னு.

கட்டணும்னா, அது எதுக்காகக் கட்டப்பட்டதுன்னு முதல்ல தெரியணும் இல்லையா? கொஞ்சம் 1942க்குப் போயிட்டு வருவோம்.

அந்த வருஷம் பிப்ரவரி 15 அன்னிக்கு சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்ல ரங்கூன், அதே மாசம் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில ஜப்பானிய விமானம்தாங்கிக் கப்பல்கள்ல இருந்து கிளம்பின விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திரிகோணமலை. அன்னிக்கே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்குப் பக்கத்துல மூழ்கடிக்கப்பட்டது. அடுத்தது மெட்ராஸ்தான்னு எல்லாரும் நம்பினாங்க. பட்டணமே காலியாச்சு. கிடைச்ச ரயில்ல, கிடைச்ச வண்டியில மூட்டை முடிச்சோட சொந்த ஊருக்கு ஓடினாங்க.

பிரிட்டிஷ்காரங்களோட பெரிய தலைவலி என்னன்னா, அதுவரைக்கும் இந்தியாவுக்கு எதிரி வடமேற்கு எல்லை வழியாத்தான் வருவான்னு நினைச்சு எல்லாத்தையும் அந்தப் பக்கமே கட்டி வச்சிருந்தாங்க. கிழக்குக் கடற்கரையில சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்லை. அதனால 1942ல 200க்கும் மேற்பட்ட விமானதளங்களை அவசர அவசரமா கட்ட முடிவெடுத்தாங்க. நம்ம பக்கத்துல தாம்பரம், அரக்கோணம், சோழவரம், தஞ்சாவூர், சூலூர், செட்டிநாடு, கயத்தாறுன்னு ஒரு பெரிய பட்டியலே உண்டு. ரெட்ஹில்ஸ் ஏரியைக் கூட விடலை. தண்ணியில இறங்குற கேட்டலினா விமானங்களுக்கு அதுதான் ஓடுதளம். தஞ்சாவூர்ல ராயல் ஏர் ஃபோர்ஸின் 36வது ஸ்க்வாட்ரனை 1942 அக்டோபர்ல வெலிங்டன் விமானங்களோட மறுபடி உருவாக்கினாங்க. இந்த வரிசையில ஒண்ணுதான் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்து உளுந்தூர்பேட்டை.

ஏன் உளுந்தூர்பேட்டைன்னு மேப்பைப் பார்த்தாலே புரியுது. பக்கத்துல விழுப்புரம் – விருத்தாசலம் ரயில்பாதை, ஊருக்குள்ள மெட்ராஸ் – திருச்சி ரோடு, சுத்தி சமதரை. கடலூர் கரை 50 கி.மீ. சொச்சம். மணிக்கு 300 கி.மீ. வேகத்துல போற விமானத்துக்கு பத்து நிமிஷம். கடலைக் கண்காணிக்கிற அளவுக்குக் கிட்ட, கப்பல் பீரங்கிக்கு எட்டாத அளவுக்குத் தூரம்.

இப்ப கொஞ்சம் நம்ம தொழில். (போரடிச்சா ரெண்டு பத்தி தாண்டிக்கோங்க.)

சிமுலேட்டருக்குள்ள இருக்கிற பூமியோட மேடு பள்ளமெல்லாம் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுத்தி ரேடார்ல அளந்தது. கல்வராயன் மாதிரி மலைக்கு அது அருமையா பொருந்தும். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடின்னு ரெண்டும் தனித்தனியா எழுந்து நிக்கும். ஆனா சமதரையில அந்த அளவை ரெண்டு மூணு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும். நான் முதல்ல போட்ட ஓடுதளம் வீராணம் ஏரி மாதிரி அலையடிச்சுது. விமானம் தவளை மாதிரி தத்தித் தத்திப் போய்க் கவுந்தது. அவ்வ்வ்... தரையை மட்டம் தட்டவே நாலு ராத்திரி போச்சு.

அடுத்தது வடிவம். சாட்டிலைட் படத்து மேல கோடு இழுத்து, நீளம் அகலம் அளந்து, திசையைக் கண்டுபிடிக்கணும். திசையோட டிகிரியைப் பத்தால வகுத்தா வர்றதுதான் ஓடுதளத்தோட எண். மீனம்பாக்கத்துல 07ன்னு எழுதியிருந்தா சுமார் 70 டிகிரின்னு அர்த்தம். போர்க்கால தளங்கள்ல இன்னொரு விசேஷமும் உண்டு. விமானங்களை வரிசையா நிறுத்த மாட்டாங்க. ஒரே குண்டுல எல்லாம் போயிடக்கூடாதுன்னு தள்ளித் தள்ளி, மரத்தடியில, மண் கரைக்கு நடுவுல நிறுத்துவாங்க. ராத்திரியில இறங்க வழிகாட்ட மின்விளக்கு வரிசை எல்லாம் கிடையாது. பூவாளி மாதிரி மூக்கு வச்ச மண்ணெண்ணெய் விளக்குகளை ஓடுதளத்து ஓரமா ஏத்தி வைப்பாங்க. பிளெண்டர்ல நான் ரொம்ப ரசிச்சு செஞ்சது அந்த விளக்கைத்தான்.

மழை விட்டதும் நேர்ல போய்ப் பார்த்தேன். தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியா ஒரு மணி நேரம். போர் விமானதளம்னு மனசுல ஒரு பிரமாண்டத்தை வச்சிக்கிட்டுப் போனவனுக்கு அங்க கிடைச்சது என்ன தெரியுமா? நீளமா ஒரு தரை, விரிசல்ல முளைச்ச புல், மேய்ச்சல் ஆடுங்க. ஒரு பக்கம் மக்காச்சோளம் காயுது, இன்னொரு பக்கம் உளுந்து. மிளகு மூட்டையை உளுந்துன்னு பொய் சொன்ன வியாபாரிக்கு மிளகெல்லாம் உளுந்தா மாறிப்போச்சுன்னு இந்த ஊர் சிவன் கோயிலுக்கு ஒரு தலபுராணம் உண்டு. குண்டுவீச்சு விமானத்துக்குப் போட்ட தளம் உளுந்து களமா மாறினதும் அந்தக் கணக்குலதான் சேருமோ என்னவோ :-)

உளுந்தைப் புரட்டிக்கிட்டிருந்த ஒரு பெரியவர் "என்னா தம்பி, ஏரோப்ளேன் வரப்போவுதா? அளக்க வந்தீங்களா?"ன்னு கேட்டார். குரல்ல கொஞ்சம் பயம் இருந்த மாதிரி பட்டுச்சு. "இல்லீங்கய்யா, சும்மா கம்ப்யூட்டர்ல விளையாட"ன்னேன். சிரிச்சுட்டு மறுபடி உளுந்தைப் புரட்டப் போயிட்டார். அந்த பயம் சும்மா வந்ததில்லை. 1939ல வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ, போர்த் தேவைன்னு சொல்லி நிலத்தை எடுத்துக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இருந்தது. அளவுச் சங்கிலியோட யாராவது வந்தா அடுத்து என்ன நடக்கும்னு இந்த மாதிரி ஊர்களுக்கு மூணு தலைமுறையா தெரியும்.

ஒரு மாசத்துல ஓரளவுக்கு முடிச்சேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஆயாவை லேப்டாப் முன்னாடி உட்கார வச்சு, டகோட்டா விமானத்துல ஓடுதளத்துல இருந்து கிளம்பினேன். மேற்கே திரும்பி கால் மணி நேரத்துல கல்வராயன் மலை. ஆயா மலையை உடனே கண்டுபிடிச்சுட்டாங்க. மறுபடி வந்து தளத்துல இறக்கினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க.

"எல்லாம் சரிடா. ஆளுங்க எங்க?"

"என்னா ஆயா?"

"இதைப் போட்டவங்க எங்கடா? கூடை தூக்கினவ, ஜல்லி உடைச்சவ, உருளை இழுத்தவன். ஒருத்தரையும் காணமே. அந்தத் தாரு வாசனை எங்கம்மா பொடவையில எத்தினி நாள் இருந்துது தெரியுமா? நான் சின்னப் பொண்ணு, கிட்டவே போவ மாட்டேன்."

பதில் சொல்லத் தெரியலை. தரைக்கு கான்கிரீட்டா, தாரா, மண்ணான்னு ஒரு எண் குடுக்கணும், குடுத்திருந்தேன். விளக்கு மூக்கு எத்தனை அங்குலம் வளையணும்னு யோசிச்சிருந்தேன். அந்த விமானதளங்களை இவ்வளவு சீக்கிரம் எழுப்பினது பெரும்பாலும் இயந்திரங்கள் இல்லை. தலையில கூடை சுமந்த ஆம்பளைங்களும் பொம்பளைங்களும்தான். பர்மா அரிசி வரத்து நின்னு போய் ஊரே கூப்பன் அரிசிக்கு நின்ன காலத்துல அது கூலி வேலை. அவங்களுக்கு என் ஃபைல்ல ஒரு வரி கூட இல்லை.

தென்னாற்காட்டுக்கு ஜப்பான்காரன் வரவே இல்லைங்கறதுதான் இதுல வேடிக்கை. 1943 அக்டோபர்ல ஒத்தை விமானம் ஒண்ணு மெட்ராஸ் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுட்டுப் போனதோட சரி. 1945ல போர் முடிஞ்சது. கூடப் பிறந்த தளங்கள் ஆளுக்கொரு வழியா போச்சு. சோழவரத்துல கார், பைக் பந்தயம் நடந்தது. அரக்கோணம் 1992ல கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி ஆச்சு. தஞ்சாவூர் 2013ல விமானப்படை நிலையமாச்சு. உளுந்தூர்பேட்டைக்கு உளுந்து.

இப்ப என் ஃபைல்ல ரெண்டு வடிவம் இருக்கு. ஒண்ணு கட்டி முடிச்ச தளம், டகோட்டாவும் மண்ணெண்ணெய் விளக்குமா. இன்னொண்ணு 1942, பாதி போட்ட ஓடுதளம். தார் பீப்பாய், ஜல்லிக் குவியல், உருளை, நாப்பது ஆளுங்க. அதுல எந்த விமானமும் இறங்க முடியாது, நடுவுல ஆளுங்க நிக்கிறாங்க. இறங்க முடியாத விமானதளத்தை எவன்டா சிமுலேட்டர்ல போடுவான்னு ஆபீஸ் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

கூடை தூக்கிட்டு நிக்கிற பொம்பளைங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் புடவைக்கு என்ன கலர்னு ஆயாவைக் கேட்டுப் போட்டிருக்கேன். அரக்கு.

டிஸ்கி: சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தா, வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட இன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டு வைங்க. ஓடுதளத்தை சாட்டிலைட் படத்துல எப்ப வேணா அளந்துக்கலாம்.