எது ஆந்திரத்தின் பிறந்த நாள்?

நவம்பர் 1 வந்தால் கேரளமும் கர்நாடகமும் தயக்கமில்லாமல் விழா எடுக்கின்றன. ஆந்திரப் பிரதேசத்துக்கு மட்டும் அந்தத் தேதியில் ஒரு நெருடல். 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்ததும், எஞ்சிய மாநிலத்தின் அரசு நவம்பர் விழாவைக் கைவிட்டு, பிரிந்த தேதியான ஜூன் 2-லேயே 'நவ நிர்மாண தீட்சை' என்ற மறுகட்டுமான உறுதிமொழி எடுத்துவந்தது. அடுத்து வந்த அரசு 2019-ல் நவம்பர் 1-ஐத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டுமே பொருந்தாத தேதிகள். பொருந்துவது அக்டோபர் 1.

அந்தத் தேதிக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19 அன்று சென்னை மயிலாப்பூரில், புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு இறந்தார். தெலுங்கு மாவட்டங்களில் ரயில் நிலையங்கள் சூறையாடப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். நான்கே நாளில் நேரு தனி மாநிலத்தை அறிவித்தார். ஆனால் சென்னை கிடையாது. நகரத்தை விட்டுக்கொடுத்தால் ஆந்திரம் உண்டு என்று காங்கிரஸின் நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவர் குழு 1949-லேயே சொல்லியிருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலில் நேரு மாநிலத்தைத் தொடங்கிவைத்தார். தங்குதூரி பிரகாசம் முதல்வரானார். தலைநகர் என்றுதான் பெயர். கட்டடம் போதாமல் அலுவலகங்கள் கூடாரங்களில் இயங்கின. கோப்பும் மேசையும் துணிக்கூரைக்குக் கீழே. வெளியே ராயலசீமையின் வெயில்.

நவம்பர் 1-க்காக வாதாடுவோர், ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரே 1956-ல் வந்ததுதானே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் குறித்தது ஆந்திரமும் ஹைதராபாத் ராஜ்யத்தின் தெலங்கானாவும் சேர்ந்த சேர்க்கையை. தெலங்கானாவைத் தற்போதைக்குத் தனியாகவே வைக்கலாம் என்றது மாநிலச் சீரமைப்பு ஆணையம். 1956 பிப்ரவரியில் 'பெரிய மனிதர்கள் ஒப்பந்தம்' போட்டுத்தான் இணைத்தார்கள். அந்த இணைப்பே முறிந்த பிறகு, அது நடந்த நாளைப் பிறந்த நாள் என்பது மணமுறிவுக்குப் பிறகும் திருமண நாள் கொண்டாடுவது போல. வரைபடமும் அக்டோபர் பக்கம்தான். 1953-ல் 11 மாவட்டங்கள். பின்னாளில் பிரகாசம், விஜயநகரம் மாவட்டங்களும் அவற்றிலிருந்தே பிரிக்கப்பட, 2014-ல் எஞ்சியவை 13. 1960-ல் நம்மிடம் வந்த திருத்தணி, தெலங்கானாவிலேயே தங்கிவிட்ட பத்ராசலம் போன்ற ஓர விளிம்புகள் நீங்கலாக, ஏறக்குறைய அதே நிலம்.

இன்னொரு மறுப்பு கனமானது: அக்டோபர் 1 சென்னையை இழந்த நாள் அல்லவா, அதை எப்படிக் கொண்டாடுவது? மொழிவழி மாநிலம் எதுவும் கேட்டதையெல்லாம் பெற்றுக்கொண்டு பிறக்கவில்லை. கேரளத்துக்குப் போன தேவிகுளமும் பீர்மேடும் இல்லாமல்தான் தமிழ்நாட்டில் நாமும் இருக்கிறோம். அதைவிடச் சங்கடமானது நவம்பர் விழா மேடையில் ஸ்ரீராமுலு படத்துக்கு மாலை போடுவதுதான். 1956 நவம்பரில் அவர் இறந்து நான்கு ஆண்டு நெருங்கியிருந்தது. ஹைதராபாதைக் கேட்டு அவர் பட்டினி கிடக்கவில்லை. அவர் பட்டினி கிடந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. அது சென்னை, ராயப்பேட்டை நெடுஞ்சாலையில்.