அல்டிகைட்டு: இழப்பைச் சொல்லும் பெயர்

இலங்கையின் ஊவாவிலுள்ள ஹல்துமுல்லை தன் ஹகரத்தை எழுத்தில் காத்துக்கொண்டது. அதற்கு அயலூரான ஹபுதலேயோ தமிழ் நாவில் அப்புத்தளையாயிற்று. ஹரன் அரனாகவும் மோஹம் மோகமாகவும் வருவதுபோல, ஹகரம் சொன்முதலில் கெடுவதும் இடையில் ககரமாவதும் நன்னூல் கண்ட நெறி. இவ்விரண்டையும் ஒரே வேரில் காண விழையும் சொல்லன்பர் இலங்கையின் உயர்தர இரசாயனவியல் நூல்களைப் புரட்டலாம். நீரைக் குறிக்கும் கிரேக்க 'ஹைட்ரோ', ஐதரசனில் 'ஐ' என முன்னிற்கிறது. அல்டிகைட்டிலோ 'கை' என நடுவில் அமர்கிறது.

1835இல் இப்பெயரை ஆக்கியவர் செருமானியரான லீபிக். 'ஐதரசன் நீக்கப்பட்ட அற்ககோல்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் இரு சொற்களையும் கடைக்குறையாக்கி ஒட்டினார். முன்னிற்கும் 'அல்' அரபு மொழியின் சுட்டு. 'அல்குஹ்ல்' என்பது அந்திமனிக் கனிமத்தை அரைத்துக் கண்ணுக்கு இடும் நுண்பொடி, நம் அஞ்சனம். நுண்மை என்ற பொருள் வழியே அது வடித்தெடுத்த சாரத்துக்கும், பின்னர் மதுசாரத்துக்கும் உரியதாயிற்று. தமிழகத்தார் 'ஆல்டிஹைடு' என நீட்ட, இலங்கை வழக்கு அந்தக் குறிலைக் காத்தது. உடன்பிறப்பான கீற்றோனோ அசற்றோனின் செருமானிய வடிவம் தலையிழந்து 1848இல் இரசாயனவியலாளர் கிமெலின் கையில் பிறந்தது. தாமரை 'மரை'யானாற்போன்ற முதற்குறை.

மதுசாரத்துக்காகப் பிறந்த பெயர் அமீனுக்கும் பொருந்துவதுதான் அழகு. பொற்றாசியம் பரமங்கனேற்றின் நடுநிலைக் கரைசல், ஊதா மங்கிக் கபில வீழ்படிவு இறங்க இறங்க, அமீனின் நைதரசனிலிருந்தும் அதைத் தாங்கும் காபனிலிருந்தும் ஐதரசனைப் பறிக்க, இமீன் உண்டாகிறது. அதை நீர் தாக்க, நைதரசன் அமோனியாவாய் விலகி, அவ்விடத்தில் ஒட்சிசன் அமர்கிறது. அந்தக் காபன் சங்கிலியின் முனையில் இருந்தால் அல்டிகைட்டு, இடையில் இருந்தால் கீற்றோன்.

ஊவாவின் தேயிலை ஸ்டோர்களிலும் இதற்கு நெருங்கிய வினை நாள்தோறும் நிகழ்கிறது. உருட்டிய கொழுந்தைப் பரப்பிவைக்கும் கட்டத்தை நொதித்தல் என்கிறோம். ஆனால் அங்கே தொழிற்படுவது இலையிலேயே உள்ள, செம்பைத் தாங்கிய நொதியம். அது கற்றெச்சின்களைக் குயினோன்களாக்க, அவை அமினோ அமிலங்களிலிருந்து காபனீரொட்சைட்டையும் அமோனியாவையும் கழற்றி அல்டிகைட்டுக்களைத் தருகின்றன. பீனைலலனீன் தரும் அல்டிகைட்டில் பூவும் தேனும் கலந்த மணம். அமினோ அமிலம் இவ்வாறு அல்டிகைட்டாவதை 1862இல் வெளிப்படுத்திய ஸ்ற்றெக்கர், பெயரிட்ட லீபிக்கிடமே முன்பு உதவியாளராய் இருந்தவர்.

அமீன் அல்டிகைட்டாகும் வினைக்கு நாம் இட்ட 'ஒட்சியேற்றம்' என்ற பெயர் வரவைச் சொல்கிறது. அல்டிகைட்டு இழப்பைச் சொல்கிறது. அமீனில் முதலில் நிகழ்வது ஐதரசன் இழப்பே. ஒட்சிசனும் பரமங்கனேற்றிலிருந்தன்றி நீரிலிருந்தே வருகிறது. ஆகவே விளைபொருளின் பெயரே வினையை உள்ளபடி உரைக்கிறது. நீரைக் குறிக்கும் அதன் வேரின் ஹகரத்தைத் தமிழ் தன் நெறிப்படி ககரமாக்கி, வேரைச் சிதைக்காமல் நம்மிடம் சேர்த்திருக்கிறது.